வலது கீழ்மூலைப் பெட்டி

பலகையில் வரைந்தது நாலு பெட்டி. எழுந்து நின்றது ஐந்து கணினி.

தங்கச்சி முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். காலை பத்து மணிக்கு வெறும் காபியை மட்டும் வயிற்றில் வைத்துக்கொண்டு எண்ணினால் நாலு ஐந்தாகத் தெரியலாம். விரலை வைத்து எண்ணினாள். பலகையில் நாலுதான். திரையில் ஐந்துதான்.

அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணன் அவளை இந்த அலுவலகத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்து, மேசை மேசையாக நிறுத்தி, "இது என் தங்கச்சி" என்று அறிமுகம் செய்துவைத்தான். அன்றைக்கே அவள் அலுவலகம் முழுக்கத் தங்கச்சி ஆகிப்போனாள். தேநீர் கொண்டுவருபவர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் தங்கச்சி. அண்ணன் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. அந்தப் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அவர்கள் செய்யும் வேலையை விளக்குவது ஒன்றும் கடினமில்லை. ஒரு கடைக்காரரோ பள்ளிக்கூடமோ இணையத்தில் எதையாவது நடத்த வேண்டுமென்றால் கணினிகள் வேண்டும். அவற்றை இப்போது யாரும் வாங்கி வந்து அறையில் அடுக்குவதில்லை. கிளவுட்டில், அதாவது எங்கோ ஒரு பெரிய கட்டிடத்தில் யாரோ வைத்திருக்கும் கணினிகளில், எனக்கு இத்தனை கொடு என்று கேட்டு எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கேட்பதில்தான் உயிர் போகிறது. எது எதோடு பேசலாம், எது எதைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக நிரப்ப வேண்டும். அதற்கு முன்னால் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. வெள்ளைப் பலகையில் பெட்டி பெட்டியாக வரைந்து நடுவே அம்புக்குறி போடுவார்கள். வரையப் பத்து நிமிடம், அதைப் பார்த்து நிரப்ப மூன்று நாள்.

அந்த மூன்று நாளை ஒழித்துக்கட்டத்தான் தங்கச்சி ஒரு நிரலை எழுதியிருந்தாள். பலகைக்கு எதிர்ச் சுவரில் ஒரு கேமரா. அது படம் எடுக்கும். பெட்டி எது, அம்பு எது, கிறுக்கல் எது என்று நிரல் தானே பிரித்துப் புரிந்துகொள்ளும். அரை மணி நேரத்துக்குள் கணினிகளை எழுப்பி வரிசையாக நிறுத்திவிடும். அலுவலகம் அதற்கு ஒற்றைக்கண்ணன் என்று பெயர் வைத்துவிட்டது. எதையும் 'நாளைக்கு வேணும்' என்றே கேட்டுப் பழகியதால் நாளைக்கு சார் என்று பெயர் வாங்கிய மேலாளர், ஒற்றைக்கண்ணனை வாடிக்கையாளர்கள் முன்னால் ஓட்டிக்காட்ட மூன்று வாரம் கொடுத்திருந்தார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு யுகம்.

ஐந்தாவது கணினி என்னதான் செய்துகொண்டிருக்கிறது என்று அதன் பதிவேட்டைத் திறந்தாள். நிமிஷத்துக்கு ஒரு வரி இருந்தது.

*இருக்கியா? பதில் இல்லை.*
*இருக்கியா? பதில் இல்லை.*
*இருக்கியா? பதில் இல்லை.*

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவன் பெயர் பூட்டு. எந்தக் கணினி எதோடு பேசலாம் என்று அனுமதி கொடுப்பது அவன் வேலை. கொடுக்காமல் இருப்பது அவன் குணம்.

"என்ன தங்கச்சி, பேயப் பாத்த மாதிரி நிக்கிற?"

"அஞ்சாவதா ஒண்ணு எந்திரிச்சிருக்கு. நான் வரையவே இல்ல."

பூட்டு வந்து எட்டிப் பார்த்தான். "மத்த நாலு கிட்டயும் போயிப் போயிக் கேக்குது. நான் வழியை அடைச்சு வச்சிருக்கேன்ல, பதில் எப்படி வரும்? என்னைக் கேக்காம இங்க எவனும் எவன்கிட்டயும் பேச முடியாது." அதைப் பெருமையாகத்தான் சொன்னான். பிறகு அந்த வரியை இன்னொரு முறை படித்தான். அவன் முகம் மாறியது. "இது அண்ணனோடது இல்ல?"

அண்ணனுடையதுதான். எந்தத் திட்டத்தை வரைந்தாலும் கடைசியில், பலகையின் வலது கீழ்மூலையில், பெயர் எழுதாத ஒரு சின்னப் பெட்டியைப் போட்டுவிட்டுத்தான் அண்ணன் பேனாவை மூடுவான். மற்ற கணினிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று நிமிஷத்துக்கொரு முறை விசாரிக்கும் கணினி அது. பெயர் எழுதாத பெட்டி என்றால் அந்த விசாரிக்கும் நிரல்தான் ஏறும் என்பது அலுவலகத்தில் இன்னும் மாறாத ஏற்பாடு. விசாரிக்கும் வாசகத்தைக்கூட அவன் தமிழில்தான் எழுதி வைத்திருந்தான். அதுகள் 'இருக்கேன்' என்று பதில் சொல்ல வேண்டும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான், ஆனால் மாற்ற மாட்டான்.

பலகையில் பழைய மை எங்காவது ஒட்டியிருக்கும், மனிதக் கண்ணுக்குத் தப்பியது கேமராவுக்குத் தப்பவில்லை என்று தங்கச்சி முடிவு கட்டினாள். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துப் பலகையை மூலை விடாமல் துடைத்தாள். மறுபடி நாலு பெட்டி வரைந்தாள். ஐந்து எழுந்தது. பலகையையே விட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் இரண்டே பெட்டி வரைந்து கேமரா முன் பிடித்தாள். மூன்று எழுந்தது. கடைசியாகத் தாளைத் திருப்பி அதன் வெறும் பக்கத்தைக் காட்டினாள்.

ஒன்று எழுந்தது. கேட்பதற்கு யாருமே இல்லாத இடத்தில் அது தன்னந்தனியாக நின்று கேட்டுக்கொண்டிருந்தது. *இருக்கியா? பதில் இல்லை.*

நல்ல வெயில் அடிக்கிற பகல் அது. ஜன்னலுக்கு வெளியே பேருந்துகள் ஒலி எழுப்பிக்கொண்டு போயின. இருந்தும் தங்கச்சி எழுந்துபோய் அறை விளக்குகளையெல்லாம் போட்டாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தது பூட்டுதான். "நீ இதுக்கு எந்தப் படத்தைக் காட்டிக் கத்துக்குடுத்த?"

"நம்ம பலகைப் படங்கதான். அந்தப் பழைய ஃபோல்டர்ல இருந்துச்சே."

"அதை எடுத்தது யாரு?"

பலகையைத் துடைப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துச் சேர்த்து வைப்பது அண்ணனின் வழக்கம். வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. இருந்தவை நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். எல்லாமே அவன் வரைந்தவை.

"எல்லாப் படத்துலயும் அந்த மூலையில ஒரு பெட்டி இருந்தா, பெட்டி இல்லாம படமே கிடையாதுன்னுதான் இது நெனைக்கும்" என்றான் பூட்டு. "ஈயடிச்சான் காப்பிதானே இதோட படிப்பு. கண்ணால பாக்கலன்னாலும் இருக்குன்னு அடிச்சுச் சொல்லுது. பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. போயி சாப்பிடு."

பேய் இல்லை என்று தெரிந்தபிறகு பயம் போய்விட வேண்டும். அவளுக்குப் போகவில்லை. ஏனென்றால் பூட்டுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். நானூற்றுப் பன்னிரண்டு படங்களில் ஒன்றில் மட்டும் அந்தப் பெட்டி இருக்காது.

மதியம் யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தக் கடைசிப் படத்தைத் திறந்தாள். வலது கீழ்மூலையில் பெட்டி இருந்த இடத்தில் நீல மை இழுபட்டுக் கிடந்தது. நாலு விரலின் தடம் தெளிவாகத் தெரிந்தது. அவை அவளுடைய விரல்கள்.

அந்தப் படம் எடுத்த மத்தியானம் அண்ணனுக்கும் அவளுக்கும் அந்தப் பெட்டியால்தான் சண்டை. "எதுக்குண்ணா இது? உயிரோட இருக்கான்னு பாக்கற வசதி கிளவுட்லயே இருக்கு. நீ மட்டும் இன்னும் வீடு வீடா கதவத் தட்டிட்டு இருக்க" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டு, விரல்களால் பெட்டியை அழித்தாள். அண்ணன் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, அழிந்ததை அழிந்தபடியே ஒரு படம் எடுத்துக்கொண்டு போனான்.

ஊரின் மறுகோடியில் ஓரறை வீட்டில் தனியாக இருந்தவன் அவன். தினமும் மாலை ஏழு மணிக்கு முதலில் அம்மாவுக்கு, பிறகு அவளுக்குப் போன் செய்வான். "இருக்கியா?" என்பான். "இருக்கேன்" என்றால் வைத்துவிடுவான். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அன்றைக்கும் போன் அடித்தது. சண்டையைத் தொடரத்தான் கூப்பிடுகிறான் என்று, இன்னும் அலுவலகத்திலேயே இருந்த அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஏழு பத்து, ஏழு பதினாலு, ஏழு இருபத்தொன்று. மூன்று முறை.

மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. மாற்றுச் சாவியோடு போய்க் கதவைத் திறந்தது அவள்தான். தரையில், கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே கிடந்தான். இதயம் என்றார் மருத்துவர். அம்மாவிடம் "தூக்கத்துலயே போயிட்டாம்மா, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்று சொன்னாள். மூன்று அழைப்பை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் தன் முகத்தில் முழிப்பாளா என்கிற பயம் பதினோரு மாதமாகச் சோற்றோடும் தூக்கத்தோடும் கலந்திருந்தது.

நாளைக்கு சாருக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. அவர் ஐந்தாவது கணினி விஷயத்தைக் கேட்டதும் நெற்றியைத் தேய்த்தார். அண்ணன்மீது அவருக்கும் பிரியம் உண்டு. ஆனாலும் அவர் சொன்னது சரிதான்.

"இதப் பாரும்மா, வரைஞ்சதைச் செய்யறதுக்குப் பேருதான் ஒற்றைக்கண்ணன். வரையாததைச் செஞ்சா எவன் நம்பி வாங்குவான்? அண்ணன் படத்தையெல்லாம் தூக்கிடு. நீயே புதுசா ஒரு நானூறு வரைஞ்சு அதைக் காட்டிக் கத்துக்குடு. நாளைக்குள்ள முடியுமா?"

"சார்!"

"சரி, ரெண்டு வாரம்."

அண்ணனின் கையை ஒற்றைக்கண்ணனின் நினைவிலிருந்து துடைத்துப்போட்டாள். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அதை அழுத்த அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு வரைய உட்கார்ந்தாள். கடைக்கு ஒரு திட்டம், பள்ளிக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, டாக்ஸி கம்பெனிக்கு ஒன்று. ஒரு நாளைக்கு நாற்பது. கை கடுத்தது, கண் எரிந்தது, ஆனால் மனம் ஒரு மாதிரி அமைதியாகவே இருந்தது. துடைப்பாள், வரைவாள், கேமரா சொடுக்கும், மறுபடி துடைப்பாள். பதினோரு மாதத்தில் இத்தனை நிம்மதியாக அவள் வேலை செய்ததில்லை. அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்று அவள் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் நானூறும் முடிந்தது. விடிந்தால் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். ஒற்றைக்கண்ணன் புதிதாகப் படித்து முடித்தான். தங்கச்சி பலகையில் மூன்று பெட்டி வரைந்தாள். பூட்டும் நாளைக்கு சாரும் பின்னால் நின்று கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

நாலு எழுந்தது.

"அண்ணன் படம் எதுவும் மிச்சம் இருக்கா?" என்றார் நாளைக்கு சார். அவர் குரலே கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஒண்ணுகூட இல்ல சார்."

பூட்டு அவளுடைய கணினியில் உட்கார்ந்து அவள் வரைந்த படங்களைப் புரட்டினான். முதல் அறுபது படம்வரை விறுவிறுவென்று போனவன் அறுபத்து மூன்றாவதில் நின்றான். பிறகு மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனான். அறுபத்து நாலு, அறுபத்தஞ்சு, நூறு, இருநூறு. நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டான்.

"தங்கச்சி, நீயே பாரு."

வலது கீழ்மூலையில் பெயர் எழுதாத ஒரு சின்னப் பெட்டி. அவள் கைதான், அவள் கோடுதான். முந்நூற்று முப்பத்தெட்டு முறை அதை வரைந்திருக்கிறாள். ஒரு முறைகூட வரைந்ததாக அவளுக்கு நினைவில்லை.

"வீட்டுக்குப் போம்மா, மத்ததை நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் நாளைக்கு சார். அந்தச் சொல்லை அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒத்திப்போடுவதற்குப் பயன்படுத்தினார்.

வீட்டில் அம்மா சமையலறையில் இருந்தாள். அடுப்பங்கரை அலமாரியில், உப்பு ஜாடிக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே, அண்ணனின் போன் சார்ஜில் கிடந்தது. பதினோரு மாதமாக அங்கேதான் கிடக்கிறது. அதன் இணைப்பு அறுந்துவிடாமல் அம்மா மாதாமாதம் கடைக்குப் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வருவாள். ஏனென்று தங்கச்சி கேட்டதில்லை. அது பூட்டியிருக்கிறது, திறக்கும் வழி அண்ணனோடு போய்விட்டது என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே தைரியம்.

"சீக்கிரமே வந்துட்ட? முகமெல்லாம் ஏன் இப்படி இருக்கு?"

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும். "அண்ணன் தூக்கத்துல போகல. கதவுப் பக்கம் வந்திருக்கான். அதுக்கு முன்னாடி எனக்கு மூணு தடவை போன் பண்ணான். நான் வேணும்னேதான் எடுக்கல. எடுத்திருந்தா ஆம்புலன்சக் கூப்பிட்டிருப்பேன். நான்தாம்மா எடுக்கல."

அம்மா அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அலமாரியிலிருந்து அண்ணனின் போனை எடுத்தாள். திரையில் ஒன்பது புள்ளிகள் தெரிந்தன. அம்மாவின் விரல் வலது கீழ்மூலைக்குப் போய் நாலு புள்ளிகளைத் தொட்டு ஒரு சின்னப் பெட்டி போட்டது. போன் திறந்துகொண்டது.

"அவன் போடுறதப் பாத்திருக்கேன்" என்றாள் அம்மா. "உனக்கு மூணு தடவைன்னு எனக்குத் தெரியும். அவன் காரியம் முடிஞ்ச மறுநாளே தெரியும். அதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு படி."

தங்கச்சி படித்தாள். ஏழு மணி, அம்மா. ஏழு நாலு, அம்மா. ஏழு ஏழு, அம்மா. அதற்குப் பிறகுதான் அவளுடைய மூன்று.

"டீவி பாத்துட்டு இருந்தேன்" என்றாள் அம்மா. "உள்ள போன் அடிச்சது காதுல விழுந்துச்சு. தெனமும் இதே 'இருக்கியா'தானே, விளம்பரம் வரட்டும், எந்திரிச்சுப் போவோம்னு இருந்துட்டேன். விளம்பரம் வந்துச்சு, போனேன், அடிக்கிறது நின்னுருச்சு. திருப்பிக் கூப்பிடவாவது செஞ்சேனா? அவன் தூங்கும்போதே போயிட்டான்னு நீ சொன்னப்போ, இவளுக்கு எதுவும் தெரியாம இருக்கட்டும்னு நானும் வாய மூடிக்கிட்டேன். நான் எடுக்காததாலதான் உன்னைக் கூப்பிட்டிருக்கான். அந்தப் பாவம் உன் தலையில ஏறக் கூடாதுன்னு நெனச்சேன்."

ஒரே வீட்டில், ஒரே அடுப்பங்கரையில், ஒருத்தி கண்ணில் படாமல் இன்னொருத்தி அந்தப் பதினோரு மாதத்தையும் சுமந்திருக்கிறாள். தங்கச்சி அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். இருவரும் அன்றைக்குத்தான் அழுதார்கள். காரியத்தன்று அழுததெல்லாம் வந்தவர்களுக்காக.

வெள்ளிக்கிழமை காலை வாடிக்கையாளர்கள் ஏழு பேர் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கு சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தங்கச்சி அவர்கள் கேட்டபடி நாலு பெட்டி வரைந்து அம்புகள் போட்டாள். பிறகு குனிந்து, வலது கீழ்மூலையில், தெரிந்தே, நிதானமாக, ஒரு சின்னப் பெட்டி வரைந்தாள்.

"அது என்ன?" என்று கேட்டார் ஒருவர்.

"மத்ததெல்லாம் உயிரோட இருக்கான்னு கேக்கறதுக்கு" என்றாள். "எங்க வழக்கம்."

நாளைக்கு சார் அவளைப் பார்த்தார். வரையாததைச் செய்தால்தான் தப்பு, வரைந்துவிட்டால் தப்பே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். கேமரா சொடுக்கியது. அரை மணி நேரத்தில் ஐந்து கணினிகள் எழுந்து நின்றன.

"பூட்டு" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "வழியைத் திறந்து விடேன்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"இனிமே அடைக்காத."

பூட்டு வாழ்நாளில் காரணம் கேட்காமல் திறந்த கதவு அது ஒன்றுதான். *இருக்கியா?* என்றது ஐந்தாவது. *இருக்கேன். இருக்கேன். இருக்கேன். இருக்கேன்.* வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். தங்கச்சியும் சேர்ந்து சிரித்தாள்.

அன்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகும் அவள் தன் மேசையில் உட்கார்ந்து அந்த வரிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்கு அவளுடைய போன் அடித்தது. திரையில் 'அண்ணன்' என்று வந்தது.

அம்மாதான் என்று அறிவுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. முதல் மணியிலேயே எடுத்துக் காதில் வைத்தாள்.

"இருக்கியா?" என்றாள் அம்மா.

"இருக்கேன்."

அம்மா வைத்துவிட்டாள்.